வலம் வந்து பார்க்க வேண்டிய கலை



காந்தாரக் கலையை அருங்காட்சியகத்தில் எப்படிக் காட்சிக்கு வைப்பது என்பதை ஆராயக் கூடியிருக்கிறோம். இதற்குத் தலைமையேற்க என்னை அழைத்த கருத்தரங்கக் குழுவினருக்கும், தொலைவிலிருந்து கட்டுரைகளோடு வந்திருக்கும் ஆய்வாளர்களுக்கும் நன்றி.

காந்தாரம் என்பது இன்றைய பாகிஸ்தானின் பெஷாவர் சமவெளி. சுவாத் பள்ளத்தாக்கு, தட்சசீலம், ஆப்கானிஸ்தானின் கிழக்குப் பகுதி ஆகியவற்றையும் அதன் கலைப் பரப்பில் சேர்க்கிறோம். பாரசீகப் பேரரசுக்கு உட்பட்டிருந்த அந்த மண்ணுக்கு கி.மு. 327-இல் அலெக்சாந்தர் படையோடு வந்தார். பிறகு மௌரியர், இந்தோ-கிரேக்கர், சகர், பார்த்தியர், குஷாணர் என்று ஆட்சிகள் மாறின. வந்தவர்களின் பட்டியல் நீளமானது என்பதால் அங்கேயே வாழ்ந்தவர்களை நாம் மறந்துவிடுகிறோம். அசோகர் மறக்கவில்லை. சாபாஸ்கர்ஹியிலும் மான்சேராவிலும் தம் ஆணைகளை அந்த வட்டாரத்தார் படிக்கும் கரோஷ்டி எழுத்தில்தான் பொறிக்கச் செய்தார்.

இந்தத் துறையை நூறாண்டுக்கு மேலாக ஆட்டிவைத்த கேள்வி ஒன்று உண்டு: புத்தருக்கு முதலில் உருவம் கொடுத்தது யார்? பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃபிரெட் ஃபூஷே, கிரேக்கக் கலையின் தொடர்பால் காந்தாரத்தில் அது பிறந்தது என்றார். கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்து, பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி 1927-இல் அதை மறுத்தார். மதுராவின் யட்சர் சிற்ப மரபிலேயே புத்தர் உருவத்துக்கு வேர் இருக்கிறது என்று வாதாடினார். இந்த விவாதத்தால் நாம் பெற்றது அதிகம். ஆனால் கண்காட்சிகள் இன்னும் அதிலேயே நிற்கின்றன. ஆடை மடிப்பு கிரேக்கம், முகம் அப்பல்லோ, தூண் பாரசீகம் என்று கூறுபோட்டுக் காட்டிவிட்டால் பார்வையாளருக்கு எல்லாம் விளங்கிவிடும் என்று நினைக்கிறோம்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு காந்தாரப் பலகையைப் பாருங்கள். சக்கரம் பூட்டிய மேடைமேல் ஒரு மரக்குதிரை. அதன் மார்பில் ஈட்டியைப் பாய்ச்சுகிறான் ஒருவன். நகர வாயிலில் ஒரு பெண் இரு கைகளையும் தூக்கித் தடுக்கிறாள். டிராய் நகரத்துக் கதைதான். ஆனால் அவளுடைய தோற்றமும் அணிகலன்களும் இந்தியப் பெண்ணுக்குரியவை. கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். அது எந்தக் கட்டடத்தில், எந்தச் சிற்பத்துக்குப் பக்கத்தில் பதிக்கப்பட்டிருந்தது என்பதற்கு அகழாய்வுப் பதிவு கிடையாது. காந்தாரச் சிற்பங்களில் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதிகாரிகளும் சேகரிப்பாளர்களும் சிலைகளைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு இடத்தைப் பற்றிக் குறிப்பெழுதாமல் போனார்கள். இடம் தொலைந்த சிற்பத்திடம் பாணியைத் தவிர வேறென்ன கேட்க முடியும்? 'யார் கொடுத்தது' என்ற கேள்வி இவ்வளவு ஓங்கியதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இடம் தெரிந்தால் என்ன கிடைக்கும்? காந்தாரத்தின் சீக்ரி ஸ்தூபி 1889-இல் தோண்டப்பட்டது. அதன் உருளைப் பகுதியில் இருந்த 13 சிற்பப் பலகைகள் இப்போது லாகூர் அருங்காட்சியகத்தில் வட்டமாகவே நிற்கின்றன. வழிபட வந்தவர் ஸ்தூபியைத் தம் வலப்பக்கம் வைத்துச் சுற்றி வந்தார். அப்படிச் சுற்றுபவர் சிற்பத்தை நோக்கித் திரும்பினால், அடுத்த காட்சி அவருக்கு இடப்பக்கம் இருக்கும். ஆகவே காந்தாரக் கதைச் சிற்பங்கள் பெரும்பாலும் வலமிருந்து இடமாக நகர்கின்றன. அவற்றை இடமிருந்து வலமாகச் சுவரில் வரிசையாக மாட்டினால் புத்தரின் வாழ்க்கை பின்னோக்கி நடக்கும்! நடப்பவருக்காகச் செதுக்கியதை நிற்பவருக்கான படமாக மாற்றிவிட்டோம்.

முறையான அகழாய்வு இந்த இழப்பை எவ்வளவு ஈடுசெய்யும் என்பதற்குச் சுவாத்தின் புத்கரா சான்று. இத்தாலிய அறிஞர் டொமினிகோ ஃபாச்சென்னா 1956 முதல் அங்கே மண்ணடுக்குகளின் வழி ஸ்தூபியின் வளர்ச்சிக் கட்டங்களைப் பிரித்தறிந்தார். பிறகுதான் எந்தச் சிற்பம் முந்தியது, எது பிந்தியது என்பதை முகச்சாயலை மட்டும் நம்பாமல் பேச முடிந்தது. 1994-இல் பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்த பூர்ஜமரப்பட்டைச் சுவடிகள் இன்னொரு வாயிலைத் திறந்தன. மண்பானைகளுக்குள் வைத்துக் காக்கப்பட்டிருந்த, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சுவடிகளில் காந்தாரி மொழியில் பௌத்த நூல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பல ஆட்சிகள் வந்துபோன அந்த நாற்சந்தியில் வாழ்ந்தவர்களுக்குச் சொந்த மொழியும் சொந்த நூல்களும் இருந்தன.

நம் காலத்துப் பிரிவினையையும் மறக்கலாகாது. 1948-இல் லாகூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பு பாகிஸ்தானுக்கு 60, இந்தியாவுக்கு 40 விழுக்காடு என்று பங்கிடப்பட்டது. நம் பங்கு இன்று சண்டிகர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2011-இல் லாகூர், கராச்சி அருங்காட்சியகச் சிற்பங்கள் நியூயார்க்கின் ஏசியா சொசைட்டியில் காட்சிக்கு வந்தபோதும், அமெரிக்க-பாகிஸ்தான் உறவின் இறுக்கத்தால் திறப்பு பல மாதம் தள்ளிப்போனது. சிற்பங்கள் எல்லை கடக்க முடியாவிட்டாலும் அவற்றின் படங்களும் அளவுகளும் கடக்கலாம். லாகூருக்கும் சண்டிகருக்கும் பொதுவான ஒரு மின்பட்டியலை உருவாக்க இந்த அவை வழி தேட வேண்டும்.

இன்னும் இரண்டு வேண்டுகோள்கள். கண்காட்சி விளக்கப் பலகையின் முதல் வரியில் சிற்பம் கிடைத்த இடத்தைப் போடுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். ஸ்தூபியிலிருந்து வந்த பலகைகளைச் சுற்றி நடக்கப் பாதை விடுங்கள். இங்கே கட்டுரை வாசிப்போரும் திரையில் படம் காட்டும்போது, பாணியைப் பேசுமுன் ஊரைச் சொல்லித் தொடங்கினால் மகிழ்வேன். கேள்வி நேரத்தில் நானே அதைக் கேட்பேன்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.