கோபுரத்தைக் கண்டு பீதி வேண்டாம்; கணக்குக் கேட்போம்!

(பிரம்மதேசத்தில் உப்பளத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செல்போன் கோபுரம் வந்தால் புற்றுநோய் வரும் என்று ஒரு சாரார் பீதி கிளப்புகிறார்கள். எல்லாம் வதந்தி, பேசாமல் இருங்கள் என்று கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள். நாம் எந்தப் பக்கம் நிற்பது? உண்மையின் பக்கம் நிற்போம்.

கோபுரத்திலிருந்து வருவது ரேடியோ அலை. எக்ஸ்ரேயைப் போல உடலின் அணுக்களைச் சிதைக்கும் வலு அதற்குக் கிடையாது. அளவு மிஞ்சினால் உடலைச் சூடாக்கும். நிச்சயமாகத் தெரிந்த தீங்கு அதுதான். 2011-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இந்த அலையைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது. 2024-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பாட்டில் 63 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த விஞ்ஞானிகள், செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. ஆகவே பீதிக்கு இடமில்லை.

கலங்கரை விளக்கின் ஒளி தொலைதூரக் கடலுக்குப் போகிறது. அதன் காலடியில் இருட்டு. கோபுரத்தின் அலையும் பெரும்பாலும் அப்படித்தான். தூரம் இரண்டு மடங்கானால் வலு நாலில் ஒன்றாகிவிடும். ஆனால் கைப்பேசியோ காதோடு ஒட்டியிருக்கிறது. சிக்னல் மெலிந்த இடத்தில் அது கூடுதல் வலுவோடு அலை வீசும். அங்கே நீண்ட பேச்சு வேண்டாம். பேசினால் ஸ்பீக்கரில் பேசுங்கள்.

அப்படியானால் கம்பெனியை நம்பி வீட்டுக்குப் போகலாமா? கூடாது, தோழர்களே! 2012 செப்டம்பர் 1 முதல் நம் நாட்டில் கோபுர அலைக்கு உலக வரம்பில் பத்தில் ஒரு பங்கே அனுமதி. நல்ல சட்டம். ஆனால் வரம்புக்குள் இருக்கிறோம் என்று சான்று தருவது யார்? அதே கம்பெனி! தொலைத்தொடர்பு இலாகா சிலவற்றை மட்டுமே சோதிக்கிறது. எங்கள் தெருவில் அளந்து காட்டு என்று கேட்பவருக்கு, 2017-ல் சர்க்கார் 4,000 ரூபாய் கட்டணம் வைத்தது. பாத்தியில் உப்பு வாருகிறவருக்கு அது எத்தனை நாள் கூலி?

அதே 2017-ல் குவாலியரில் வீட்டுவேலை செய்யும் ஒரு தொழிலாளி, பக்கத்துக் கோபுரத்தால் தனக்குப் புற்றுநோய் வந்ததாகச் சுப்ரீம் கோர்ட்டில் முறையிட்டார். ஏழு நாளில் கோபுரத்தை நிறுத்தும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. ஒவ்வொரு தொழிலாளியும் டில்லிக்குப் போக முடியுமா?

இன்னொரு கதிரையும் மறக்கக் கூடாது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் புற்றுநோய் தரும் பட்டியலில் அதே ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருப்பது சூரியக் கதிர்! உப்பு வெண்மையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது; வெக்கையும் தண்ணீரின்மையும் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. கோபுரத்துக்குக் கூட்டம் கூட்டும் நாம் இதற்கு வாய் மூடியிருக்கலாமா? பஞ்சாலையில் இருமிய தொழிலாளியிடம், அது பீடியால் வந்த இருமல் என்று சொன்னவர்கள் உண்டு. இன்றோ பஞ்சுத்தூசி நோய் சட்டப்படி நஷ்டஈட்டுக்குரிய நோய்!

ஆகவே கோருகிறோம்: கோபுரங்களைக் கட்டணமின்றி அளந்து, கணக்கை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுது! அளத்தில் நிழலும், குடிநீரும், கருப்புக் கண்ணாடியும், காலுறையும் கொடு!

அடுத்த கிராம சபைக்கு ஒருவர் பாக்கியில்லாமல் வாருங்கள். இந்த இரண்டையும் தீர்மானமாக்குவோம். பீதி நம்மைச் சிதறடிக்கும். கோரிக்கை ஒன்று சேர்க்கும்!