ஏலத்தில் கார் எடுக்கப் போறவங்களுக்கு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர், "மண்ணு, மகசூலு எல்லாம் பேச ஆள் இருக்குண்ணே, நீங்க வண்டி ஏலத்தைப் பத்திப் பேசுங்க"ன்னு சொல்லிட்டார். வங்கியில் வேளாண் அலுவலராக இருந்து கடன் கொடுத்தவன், கடன் நின்றுபோன வண்டியை ஏலம் விட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த நம் மூத்தவர்களுக்கு 'கண்டம்' பண்ணின ஜீப் நல்லாத் தெரியும். அந்த ஜீப்பை ஏலத்தில் எடுத்து, பட்டறையில் விட்டுத் தட்டி, தோட்டத்துக்கு ஓட்டின காலம் உண்டு. அந்தக் கதை முடிந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருடம் தாண்டிய அரசு வண்டியின் பதிவு தானாகவே ரத்தாகும். அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்துக்குத்தான் அது போக வேண்டும். "சர்க்கார் ஜீப் வருது, சொல்லி வைக்கவா?"ன்னு யாராவது கேட்டால் முதலில் வயசைக் கேளுங்கள்.

இப்போது நம்ம பக்கம் சாதாரண ஆள் போகக்கூடிய ஏலம், மதுவிலக்கு வழக்கில் பிடித்துப் பறிமுதல் செய்த வண்டிகளைப் போலீஸ் விடும் ஏலம். பேப்பரில் விளம்பரம் வரும். ஆயுதப்படை மைதானம் மாதிரி இடத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். முன்பணம் கட்டி டோக்கன் வாங்கினால்தான் கேட்க முடியும். ஏலத்தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி. தனி. நோட்டீஸில் 18 சதவீதம் என்று இருந்தால், நீங்கள் கேட்கும் 1 லட்சம் உண்மையில் 1,18,000. அதுக்கு மேல டோ வண்டி வாடகை, பேட்டரி, நாலு டயர், இன்சூரன்ஸ். இதையெல்லாம் வீட்டிலேயே கூட்டிப் பார்த்து, இதுக்கு மேல கேக்கக் கூடாதுன்னு ஒரு தொகையைச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் ஒருத்தன் ஐந்நூறு ஏத்தினால் நமக்கும் ரோஷம் வந்துடும்.

ஓட்டிப் பார்க்கவெல்லாம் விடமாட்டார்கள். வண்டி எப்படி நிற்கிறதோ அப்படியே எடுக்க வேண்டும். அதனால் பார்வையிடும் நாளிலேயே ஒரு மெக்கானிக்கோடு போங்கள். ஆயில் குச்சியை உருவினால் பால் டீ மாதிரி இருந்ததா, என்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கு, விட்டுடுங்க. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரானது. வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எலி ஒயரைக் கடித்திருக்கும். வழக்கு வண்டிகளை ஸ்டேஷனில் வீணாகப் போட்டு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. நம்ம ஊர் ஸ்டேஷன் வாசல்களைப் பார்த்தால் நம்பக் கஷ்டமாத்தான் இருக்கும்.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் தள்ளிவிடும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் ஏலத்துக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால், மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அது மூழ்கின வண்டிதான்.

வண்டியை விட முக்கியம் காகிதம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 57ஐக் குறித்துக்கொள்ளுங்கள். அரசு ஏலத்தில் எடுத்த வண்டிக்கு, கையில் வாங்கிய 30 நாளுக்குள் படிவம் 32இல் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு மனுப்போட வேண்டும். ஏலத்தை உறுதிசெய்த உத்தரவும், ஏலம் விட அனுமதித்த அரசு உத்தரவின் சான்றிட்ட நகலும் கேட்பார்கள். இந்த ரெண்டும் கைக்கு வராமல் வண்டியை நகர்த்தாதீர்கள். போலி நம்பர் பிளேட்டோடு பிடிபட்ட வண்டி என்றால், ஏலம் விடும் துறையின் பெயரில் புது நம்பர் ஒதுக்கப்பட வேண்டும். கேட்பதற்கு முன்னாலேயே சேசிஸ் நம்பரைப் பதிவோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்த வண்டியைப் பேர் மாத்தி, பிறகு வேறொருவருக்கு வெறும் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவதும் ஆபத்து. பதிவில் யார் பெயர் இருக்கோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் நவீன்குமார் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

வங்கி ஏலத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லணும். அங்கே வியாபாரிகள் சிண்டிகேட் போட்டு, ஒருத்தரை மட்டும் கேட்கவிட்டுக் குறைந்த விலைக்கு எடுப்பார்கள். வெளியே டீக்கடையில் தங்களுக்குள்ளே மறுபடி விலை பேசிப் பிரித்துக்கொள்வார்கள். பார்க்கிறவனுக்குச் சாமர்த்தியமாத் தெரியும். ஆனால் டிராக்டர் கடன் பாக்கி 3 லட்சம், வண்டி 2 லட்சத்துக்குப் போச்சுன்னா, மீதி 1 லட்சம் அந்த விவசாயி தலையிலதான் நிக்குது. அவர் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வண்டியும் போச்சு, கடனும் தீரல. கூடுதலா விலை போனால் மிச்சம் அவருக்குத் திரும்ப வர வேண்டிய பணம். டீக்கடையில பிரிச்சுக்கிற காசு யாருடையதுன்னு இப்பப் புரியும். நியாயமான விலைக்கு நேரே கேட்க நாலு பேர் வந்தாலே சிண்டிகேட் உடையும்.

வங்கிக்குப் போகும் தம்பி தங்கைகளே, ஏலத்துக்கு முன் கடன்காரருக்கு நோட்டீஸ் கொடுங்கள், பணம் கட்டக் கடைசி வாய்ப்பு கொடுங்கள், அவரே நல்ல விலைக்கு ஆள் கூட்டி வந்தால் கேளுங்கள். அடியாட்களை வைத்து வண்டியைத் தூக்குவதை 2007இல் பிரகாஷ் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. வங்கியிடம் எடுப்பவர்கள், கடன் அடமானம் நீக்கும் படிவம் 35ஐக் கேட்டு வாங்குங்கள்.

15 வருடம் முடிந்த சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டினால் 2025 முதல் 10,000. பழைய காரில் ஆசைப்படுபவர்கள் இதையும் சீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்வரிசையில் ஒரு தம்பி டிராக்டரோடு டிரெய்லரும் சேர்ந்து வருமான்னு கேட்டார். டிரெய்லருக்குப் பதிவு தனி, ஆர்.சி. தனி. நோட்டீஸில் ரெண்டு நம்பரும் இருக்கான்னு பாருங்க. ஒரு நம்பர்தான் இருந்தா, டிரெய்லர் ஏலத்தில் இல்லைன்னு அர்த்தம்.