கட்டை உருட்டிக் கதை சொல்லலாம்

நாகர்கோவிலில் பந்தும் கேரம் போர்டும் தாயக்கட்டையும் விற்கிற ஒரு கடைக்காரனைக் கூட்டி வந்து வானொலி மைக் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். ‘விளையாட்டுப் பொருட்கள்’ என்று பொதுவாகத்தான் தலைப்புக் கொடுத்தார்கள். நான் அதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். கேரம் பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு இன்னொரு நாள்.

நான் சொல்லப்போவது, மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, வாய்ப்பேச்சாலேயே ஒரு கதையை நடத்திக்கொண்டு போகிற விளையாட்டு. ரோல் பிளேயிங் கேம் என்கிறார்கள். இந்த வகையில் பெயர்போனது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கடைக்கு வருகிற பிள்ளைகள் சுருக்கி ‘டி அண்ட் டி’ என்பார்கள். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ என்ற தொடரில் நாலு பையன்கள் இதை விளையாடுவதைப் பார்த்துவிட்டு விசாரிக்க வந்தவர்கள் உண்டு. பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் அங்கே பழகிவிட்டு, ஊருக்கு வந்த இடத்தில் ஆள் தேடுவதும் உண்டு. அப்படி ஒருவன்தான் என் கடையில் வந்து, “அண்ணாச்சி, இருபது மொகம் உள்ள பகடை இருக்கா?” என்று கேட்டான். ஆறு முகத்துக்கு மேல் பகடை நான் பார்த்ததில்லை. வரவழைத்தேன். நாலு முகம், ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது என்று கலர் கலராக வந்து இறங்கியது. கண்ணாடி அலமாரியில் தாயக்கட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். பேனா வாங்க வந்தவர்கள்கூட எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

இதன் பூர்வீகத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்று ஒரு சின்ன ஊர். அங்கே கேரி கைகாக்ஸ் என்று ஒருவர். இன்சூரன்ஸ் கம்பெனி வேலை போன பிறகு வீட்டிலிருந்தே செருப்புத் தைத்துப் பிழைத்தவர். பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் போர் நடத்தும் விளையாட்டில் பித்துள்ளவர். பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் டேவ் ஆர்னெசன் என்று இன்னொருவர். ஒரு ஆள் ஒரு முழுப் படையை நடத்துவதற்குப் பதிலாக, ஒரே ஒரு மனிதனாக இருந்து விளையாடட்டும் என்று தன் கூட்டாளிகளோடு ஆடிப் பார்த்தவர் இவர். இருவரும் சேர்ந்து எழுதிய மூன்று சின்னப் புத்தகங்கள் 1974இல் ஒரு பெட்டியில் 10 டாலருக்கு விற்பனைக்கு வந்தன. முதல் அச்சு 1,000 பெட்டி. பின்னால் கைகாக்ஸின் கம்பெனி அதே ஊரில் ‘டஞ்சன் ஹாபி ஷாப்’ என்று சொந்தமாகவே ஒரு கடையும் திறந்தது. பூர்வீகம் இவ்வளவு போதும்.

விளையாட்டு எப்படி நடக்கும் என்றுதானே கேட்கிறீர்கள்? இதை நான் யாருக்கு விளக்கினாலும் வில்லுப்பாட்டில்தான் போய் நிற்பேன். நம்ம ஊரில் வேறு எதைச் சொல்லி விளக்க?

அம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டிருப்பீர்கள். நடுவில் வில்லை வைத்துக்கொண்டு புலவர், கையில் வீசுகோல். பக்கத்தில் குடம் அடிப்பவர், உடுக்கு, தாளம், கட்டை. எதிரே பக்கப்பாட்டுக்காரர். புலவர் ஒரு வரி சொல்வார், அவர் “ஆமா” என்பார். புலவர் கொஞ்சம் இழுப்பார், இவர் “பொறவு?” என்பார். சில நேரம் குறுக்கே ஒரு கேள்வி போட்டு மடக்குவார். அந்த மடக்கலுக்குப் பதில் சொல்லத்தான் புலவர் கதையை இன்னொரு படி ஏற்றுவார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் ஒழுகினசேரியில் பிறந்தவர். இந்த வில்லை அவர் கோயில் முற்றத்திலிருந்து எடுத்துப்போய்க் காந்தி கதை பாடினார். நம்ம மாவட்டத்துப் பூங்கனியம்மா, 2018இல் மறைந்தவர், பெண்கள் வில் எடுப்பது அபூர்வமாக இருந்த காலத்தில் வில்லடித்தவர். தோவாளைப் பக்கமும் அகஸ்தீஸ்வரம் பக்கமும் பெரியவர்களைக் கேட்டால் இந்தக் கலைஞர்களைப் பற்றி விடிய விடியச் சொல்வார்கள்.

கொடையில் நான் கவனிப்பது ஒன்று உண்டு. புலவரின் கண் எப்போதும் ஏட்டிலோ வில்லிலோ இருக்காது. கூட்டத்தின் மேலும் சாமியாடியின் மேலும்தான் இருக்கும். சாமியாடி அசைகிற மாதிரி தெரிந்தால் கதையை அப்படியே நிறுத்தி, சாமியை வரவழைக்கிற வரத்துப்பாட்டுக்குப் போய்விடுவார். பூசை தள்ளிப்போகிறது என்றால் கதாநாயகி பிறந்த ஊரின் வளத்தை அரை மணி நேரம் பாடுவார். அவசரம் என்றால் அதே ஊரை நாலு வரியில் தாண்டிவிடுவார். கதை முழுக்க மனப்பாடம். ஆனால் இன்று ராத்திரி அது எவ்வளவு நீளம் என்பது எதிரே இருப்பவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரியும்.

டி அண்ட் டி விளையாட்டிலும் நடுவில் ஒரு ஆள் இப்படி இருப்பார். டஞ்சன் மாஸ்டர் என்று பெயர். “இருட்டான காடு. தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது. என்ன செய்கிறீர்கள்?” என்பார். சுற்றி இருப்பவர்களில் ஒருத்தி வைத்தியச்சி, ஒருவன் திருடன், இன்னொருவன் படைவீரன். ஆளுக்கொரு தாளில் அவரவர் பலமும் பலவீனமும் எண்ணாக எழுதியிருக்கும். “நான் மரத்தில் ஏறிப் பார்க்கிறேன்” என்பான் திருடன். முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வருகிற இடத்தில் பகடையை உருட்டுவார்கள். விழுகிற எண்ணைப் பொறுத்து மாஸ்டர் கதையைத் திருப்புவார். இதில் பலகை கிடையாது, காய் கட்டாயம் இல்லை, ஜெயித்தவன் தோற்றவன் கிடையாது. வில்லுப்பாட்டுக் கதை நாயகன் முத்துப்பட்டன் கடைசியில் சாவான் என்பது முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்குத் தெரியும், இருந்தும் அழுவாள். இங்கே கதையின் முடிவு சொல்கிறவனுக்கே தெரியாது. பக்கப்பாட்டுக்காரர்கள் எல்லாரும் கதைக்குள் இறங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம்ம தாயக்கட்டைக்கு வருவோம். நேரம் போகிறது, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

தாயக்கட்டை ரெண்டு. ஒவ்வொன்றுக்கும் நாலு முகம். ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளி, ஒரு முகம் வெறுமை. ரெண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் மூன்று விழுவதற்கு 4 வழி. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழி. ஐந்துக்கு 2 வழி. காயை இறக்கத் தவம் கிடக்கிறோமே அந்தத் தாயம், அதாவது ஒன்று, அதற்கும் 2 வழிதான். ஆறுக்கு ஒரே வழி. ரெண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கும் ஒன்றுதான். பாட்டிமார் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. ஆனால் எது அடிக்கடி விழும், எது அபூர்வம் என்பது அவர்களுக்கு விரலிலேயே உண்டு. இருபது முகப் பகடையில் ஒன்றிலிருந்து இருபது வரை எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. படு முட்டாள்தனமும் மகா சாகசமும் சாதாரண காரியமும் அங்கே சம அளவில் வரும். தாயக்கட்டையில் பெரும்பாலும் நடுவாந்தரம்தான் விழும், அபூர்வமானது எப்போதாவதுதான். எனக்கு என்னமோ வாழ்க்கைக் கதை சொல்ல நம்ம கட்டைதான் சரி என்று படுகிறது. பகடை விற்கிறவன் இப்படிச் சொல்லக் கூடாது, சொல்லிவிட்டேன்.

என் கடைக்குப் பின்னால் கேரம் போர்டுகளை அடுக்கி வைக்கிற அறை ஒன்று உண்டு. ஒரு மழை நாளில் நாலைந்து காலேஜ் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்தார்கள். அரக்கனும் டிராகனும் வேண்டாம், இசக்கி கதையை எடுப்போம் என்றாள் ஒருத்தி. ஆரல்வாய்மொழி தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் இருக்கிறதே, அந்த அம்மன் கதை. நகைக்காகக் கொல்லப்பட்ட பெண், அடுத்த பிறவியில் வியாபாரியாக வருகிற அந்தக் கொலைகாரனைத் தேடிப் பழி வாங்குகிறாள். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று ஊராரிடம் முறையிடுகிறாள். ஊர் அவளை நம்பி ரெண்டு பேரையும் ராத்திரி ஒரே அறையில் தங்க வைத்துவிடும். விடிந்தால் வியாபாரி பிணம்.

பிள்ளைகள் செய்த தந்திரம் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். யாரும் இசக்கியாகவும் இல்லை, வியாபாரியாகவும் இல்லை. அந்த ரெண்டு பேரையும் மாஸ்டரிடம் விட்டுவிட்டு, இவர்கள் எல்லாரும் ஊர்ப் பஞ்சாயத்துக்காரர்களாக உட்கார்ந்துகொண்டார்கள். பகடைக்குப் பதில் தாயக்கட்டை. நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் காரியம் பலிக்கும். தாயம் விழுந்தால் நினைத்தது நடக்கும், கூடவே ஒரு வம்பும் வரும். இது அவர்களாகப் போட்டுக்கொண்ட விதி.

விசாரணை நடந்தது. ஒருவன் வியாபாரியின் ஊர் பேர் கேட்டான். ஒருவன் தாலியைப் பார்க்க வேண்டும் என்றான். ஒரு பெண் மட்டும் பேசாமலே இருந்தாள். கடைசியில், “பிள்ளைக்கு நான் சோறு வச்சுப் பாக்கேன்” என்றாள். உருட்டினாள். தாயம்!

மாஸ்டராக இருந்த பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னான்: “பிள்ளை சோறு திங்கி. ஆனா அது கைபட்ட எடத்துல எல்லாம் எலையில வெள்ளையாப் பால் கசியி. அதை நீ மட்டுந்தான் பாத்தே.”

கள்ளியை ஒடித்தால் பால் வடியும். நம்ம ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். கணக்கு நோட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்த எனக்கே முதுகு சிலிர்த்துவிட்டது. அப்புறம் அவள் அதைப் பஞ்சாயத்தாரிடம் சொல்லி நம்ப வைக்க வேண்டும். உருட்டினாள், இரண்டு விழுந்தது, யாரும் நம்பவில்லை. “சரி, நான் ராத்திரி பூரா வெளக்கோட அந்த அறை வாசல்ல இருப்பேன்” என்றாள். அதற்குள் கடை அடைக்கிற நேரம் ஆகிவிட்டது. “ஏய் மக்கா, மிச்சத்தை அடுத்த வாரம் வச்சுக்கிடுங்க” என்று நான்தான் கிளப்பிவிட்டேன். வடசேரி பஸ் ஸ்டாண்டு வரை சண்டை போட்டுக்கொண்டே போனார்களாம்.

அந்த வாரமே ஒரு பையனின் அம்மா கடைக்கு வந்தார்கள். “அண்ணாச்சி, இசக்கியை வச்சு வெளையாடலாமா? தெய்வக் குத்தமாயிராதா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவிலும் 1980களில் இந்த விளையாட்டு பேய் வணக்கத்தில் கொண்டுபோய் விடும் என்று பெற்றோர் சிலர் இயக்கமே நடத்தியிருக்கிறார்கள். அங்கே புத்தகத்தில் வந்த பேய். இங்கே பொங்கல் வைத்துக் கும்பிடுகிற தெய்வம். எனக்குப் பதில் சொல்லத் தெரியாமல், தெரிந்த ஒரு பழைய வில்லுக் கலைஞரிடம் கேட்டேன். “பாதியில விடப்பிடாது. முடிச்சுட்டு வாழி பாடணும். கேலி பண்ணப்பிடாது. வேற ஒண்ணுமில்ல வேய்” என்று முடித்துவிட்டார். பிள்ளைகள் அதை விதியாகவே தாளில் எழுதிக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் எழுந்து நின்று வாழி சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறார்கள்.

கடைக்காரனுக்கு இதில் என்ன லாபம் என்று வியாபாரிகள் யாராவது கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உண்மையைச் சொன்னால் லாபம் குறைவு. ஒரு தடவை வாங்கிய பகடை தேயாது. வெளிநாட்டுப் புத்தகம் ஆயிரக்கணக்கில் விலை. அதன் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இலவசமாகவே விட்டுவிட்டார்கள். மேல்நாட்டுக் கடைக்காரர்கள் 1993இல் வந்த ‘மேஜிக்’ சீட்டு மாதிரி, திரும்பத் திரும்ப வாங்க வேண்டிய சரக்கை விற்றுத்தான் மேசைக்கு வாடகை எடுக்கிறார்கள். நம்ம பக்கம் இந்த ஒரு விளையாட்டை மட்டும் நம்பிக் கடை போட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். எனக்குப் பள்ளிக்கூட நோட்டும் கேரமும் சோறு போடுகிறது. பின்னறை ஓடுகிறது. வாங்காமலே உட்கார்ந்திருக்கிறார்களே என்று என் வீட்டில் முணுமுணுப்பு உண்டு. நான் கண்டுகொள்வதில்லை. இந்த விளையாட்டுக்குக் கிடைக்காத சரக்கு பகடை இல்லை. ரெண்டு மணி நேரம் போனை உள்ளே வைத்துவிட்டு உட்காருகிற நாலு பேரும், அவர்களை யாரும் விரட்டாத ஒரு இடமும்தான். அது ஆன்லைனில் வராது, கடைதான் தர முடியும்.

நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள். விரிவான விதிகள், படை, மந்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், பரவாயில்லை. சுசீந்திரம் மார்கழித் திருவிழாக் கடையிலோ, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கடையிலோ, மண்டைக்காட்டுக் கொடையிலோ, நல்ல பித்தளைத் தாயக்கட்டை கண்ணில் பட்டால் வாங்கிப் போடுங்கள். கன்னியாகுமரிக்குப் போனால் சோழியும் கிடைக்கும். வீட்டில் கதை சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருப்பார், அவரை நடுவில் உட்கார வைத்துப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரச் சொல்லுங்கள். அவர் பாதிக் கதையில் நிறுத்தி “இப்ப நீ என்ன செய்வே?” என்று கேட்கட்டும். என் கடைக்கு வராவிட்டாலும் சரி, என்ன நடந்தது என்று நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். அந்தப் பெண் விடியும்வரை விளக்கோடு உட்கார்ந்திருந்தாளா என்பதை நான் அதற்குப் பதிலாகச் சொல்கிறேன்.