கணக்கேட்டில் மூன்றாம் பத்தி
(பெங்களூரு மர்பி டவுனில் ஆற்றிய உரை)



தன்னைத்தானே ஆராய்வது துறவியர்க்கு உரியது என்றே பலரும் எண்ணுகிறோம். பொருளாதாரம் பயின்ற எனக்கு அது வீட்டுக் கணக்கேட்டில் தொடங்குவதாகத் தோன்றுகிறது.

1888-இல் சட்டம் பயில லண்டன் சென்ற காந்தியடிகள் வண்டிக் கட்டணம், அஞ்சல் தலை, செய்தித்தாள் என ஒவ்வொரு காசையும் எழுதி, உறங்குமுன் இருப்பைச் சரிபார்த்தார். அக்கணக்கை ஆராய்ந்தே செலவைப் பாதியாக்கத் துணிந்தார்; தனி அறைக்கு மாறினார்; வண்டியை விடுத்து நடந்தார். பிற்காலத்தில் பொதுநிதியைக் கையாண்டபோதும் அப்பழக்கமே துணை நின்றது. அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளினோ 13 நற்பண்புகளுக்குக் கட்டம் போட்டு, தவறிய நாளில் கரும்புள்ளி வைத்தார். ஒழுங்கு என்ற பண்பே தமக்கு மிகுந்த தொல்லை தந்தது என்பதை அவர் மறைக்கவும் இல்லை!

இன்று கைப்பேசியே நம் செலவைப் பதிந்துவிடுகிறதே என்பீர்கள். எவ்வளவு, எப்போது என்பதை அது அறியும். ஏன் என்பதை அறியாது. ஆகவே தொகைக்குப் பக்கத்தில் 'ஏன்' என்று மூன்றாம் பத்தி ஒன்று வேண்டும். நூற்றுக்கு மூன்று வட்டியில் 10,000 ரூபாய் கடன் வாங்கினால், ஆண்டுக்கு 3,600 ரூபாய் வட்டிக்கே போகும். அக்கடன் மருத்துவத்திற்கா, ஊரார் மெச்சும் விருந்திற்கா?

வருமானமே போதாத வீட்டில் ஏடு பணத்தைப் பெருக்காது என்பது உண்மையே. ஆயினும் அடுத்த கடனுக்கு முன் ஒருநாள் யோசிக்க அது இடந்தரும். ஏட்டைக் கணவர் மட்டும் எழுதாமல், மனைவியும் எழுதட்டும். மூன்றாம் பத்தியை இருவரும் படிக்கட்டும்.