இடி கேட்டால் வகுப்புக்குள்

சாரத்தில் எங்கள் அரசுப் பள்ளியில் கிடைத்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

ஐப்பசி மாதம், மாலை விளையாட்டு வேளை. இடி இடித்து மழை இறங்கியதும் பிள்ளைகள் வேப்பமரத்தடிக்கு ஓடினார்கள். மின்னல் நேரத்தில் மரத்தடிதான் ஆபத்து. பாடத்தில் படித்தவர்கள்தான், படித்தது கால்களுக்கு எட்டவில்லை.

அடுத்த இடிமழையின்போது, வகுப்பறைக்குள் ‘தாமினி’ செயலியைத் திறந்து காட்டினேன். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கியது. மின்னல் எழுப்பும் ரேடியோ அலை பல உணரிகளை எட்டும் நேர வேறுபாட்டைக் கொண்டு, மின்னல் விழுந்த இடம் கணிக்கப்படுகிறது. கடந்த 5, 10, 15 நிமிட மின்னல்கள் வெவ்வேறு நிறங்களில் தெரியும். புள்ளிகள் விழுப்புரம் பக்கமிருந்து நம்மை நோக்கி வருவதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான விநாடிகளை எண்ணி, 3ஆல் வகுத்து, தொலைவைக் கிலோமீட்டரில் கணக்கிட்டார்கள்.

ஆனால், அடுத்த மின்னல் விழும் இடத்தை எந்த வரைபடமும் துல்லியமாகச் சொல்லாது. அதனால் எங்கள் விதி இதுதான்: இடி கேட்டால் வகுப்புக்குள், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வெளியே போகக் கூடாது. இப்போது மரத்தடிக்கு ஓடும் சிறியவர்களைப் பெரிய பிள்ளைகளே கைப்பிடித்து அழைத்து வருகிறார்கள்.