பிறர் கையில் நம் மருந்து



வளரும் நாடுகளின் தற்சார்புப் பொருளியல் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். கடல்போற் பரந்த பொருள் இது. கடல் முழுவதையும் காட்ட என்னால் இயலாது. ஒரு கலத்து நீரை முகந்து காட்டலாம். அந்தக் கலமாக மருந்தை எடுத்துக்கொள்கின்றேன். அதற்குரிய நாடாக, பங்களாதேசம் என்று பலரும் வழங்கும் வங்கநாட்டை எடுத்துக்கொள்கின்றேன்.

முதலில் என் கண்முன் நடந்த ஒன்று. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தை கூலித்தொழிலாளி. காய்ச்சலுற்ற அவர்க்கு மருத்துவர் ஐந்து மருந்துகள் எழுதித் தந்தார். கையிலிருந்த பணம் எல்லாவற்றுக்கும் போதவில்லை. செந்நிறத்தில் மின்னிய ஊட்டநீர்ப் புட்டியை வாங்கிக்கொண்டு, நோயைத் தீர்க்கும் மாத்திரையைப் பிறகு வாங்கலாம் என்று விட்டுவந்தார். ஊட்டநீர் தீர்ந்தது, காய்ச்சல் தீரவில்லை. அவரைப் பேதையென்று நகையாதீர்கள். எது வேண்டும், எது வேண்டா என்று அவர்க்கு எவரும் சொல்லவில்லை. ஒரு தனிமாந்தனுக்கு நேர்ந்த இதே நிலை, ஒரு நாட்டுக்கே நேர்ந்தால் என்னாகும்?

1952-ஆம் ஆண்டு பிப்பிரவரி 21-ஆம் நாள், தாய்மொழிக்காகத் தாக்கா நகரில் உயிரீந்த மாணவர்களை நாம் அறிவோம். அம்மக்கள் 1971-இல் தனிநாடு கண்டனர். கொடி வந்தது, ஆட்சி வந்தது, ஆயின் மருந்துப்பெட்டி மட்டும் பிறர் கையிலேயே இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அந்நாட்டு மருந்து வாணிகத்தில் ஏறத்தாழ முக்காற் பங்கு எட்டே எட்டுப் பன்னாட்டு நிறுவனங்களின் பிடியில் இருந்தது. அவை உயிர்காக்கும் மருந்துகளை மட்டுமா விற்றன? ஊட்டநீர், இருமல்நீர், தேவையற்ற கலவை மருந்துகள் ஆகியவற்றையும் விற்றுப் பொருள் குவித்தன. வறியவரின் காசு இனிப்பு நீராய்க் கரைந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தோருள் முதன்மையானவர் மருத்துவர் சாபருல்லா சவுத்திரி. இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்றுகொண்டிருந்தவர், விடுதலைப்போர் மூண்டதும் படிப்பை விட்டுத் திரும்பினார். திரிபுராவில் மூங்கிலாலும் கீற்றாலும் எழுப்பிய போர்முனை மருத்துவமனையில் தொண்டாற்றினார். 1972-இல் தாக்காவை அடுத்த சாவாரில் மக்கள் நலவாழ்வு நடுவத்தை நிறுவினார். இன்றியமையா மருந்துகளைக் குறைந்த விலையில் ஆக்க 1981-இல் ஒரு மருந்து ஆலையும் அதன் சார்பில் தொடங்கிற்று. செய்துகாட்டிய பின்னரே பேசினார் என்பதைக் கருதுங்கள்.

1982-இல் பேராசிரியர் நூருல் இசுலாம் தலைமையில் எண்மர் குழு ஒன்று அமைந்தது. சவுத்திரியும் அதில் இருந்தார். அக்குழு, விற்பனையிலிருந்த மருந்துகளை ஒவ்வொன்றாய் ஆய்ந்தது. 1,700-க்கும் மேற்பட்டவை தீங்கானவை அல்லது பயனற்றவை எனக் கண்டது. இன்றியமையாதன என 150 மருந்துகளைத் தெரிந்தெடுத்தது. அவ்வாண்டு சூன் 12-ஆம் நாள் மருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆணையாய் வெளிவந்தது. வேண்டாதவை விலக்கப்பட்டன. இன்றியமையாதவற்றுக்கு விலை வரையறுக்கப்பட்டது. எளிதில் ஆக்கத்தக்க ஊட்டச்சத்து மாத்திரைகளும் வயிற்றெரிவு மருந்துகளும் உள்நாட்டு ஆலைகளுக்கே ஒதுக்கப்பட்டன. பன்னாட்டு நிறுவனங்களை நோக்கி, 'உங்கள் அறிவுக்கும் கருவிக்கும் தக்க அரிய மருந்துகளை ஆக்குங்கள்' என்றது அச்சட்டம்.

எதிர்ப்பு எழாதிருக்குமா? அமெரிக்கத் தூதர் ஆட்சித்தலைவரை நேரிற் கண்டு வற்புறுத்தினார். அமெரிக்காவினின்று வல்லுநர் குழு ஒன்றும் வந்தது. வெளியார் எதிர்த்ததினும் வருந்தத்தக்கது, உள்நாட்டு மருத்துவர் சங்கமே எதிர்த்து நின்றது! வல்லரசின் சினத்தைத் தாங்கலாம். உடன்பிறந்தானின் விலைபோன நாவைத் தாங்குவது அரிது. எனினும் சட்டம் நிலைத்தது.

விளைவு என்ன? இன்று அந்நாட்டு மருந்துத் தேவையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் உள்நாட்டிலேயே ஆக்கப்படுகின்றது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அங்கிருந்து மருந்து செல்கின்றது. கையேந்திய நாடு கைகொடுக்கும் நாடாயிற்று.

இதனைச் சொல்லிக் கைதட்டல் பெற்று அமர்ந்துவிடலாம். அது நேர்மையாகாது. இவ்வெற்றியில் மூன்று குறைகள் உள்ளன.

ஒன்று, அச்சட்டம் படையாட்சியின் ஆணையால் வந்தது. மக்கள் மன்றத்தில் வேரூன்றி வளரவில்லை. ஆணையால் வந்தது பின்னர் ஆணையாலேயே சுருங்கிற்று. 1994-இல் அரசின் விலைக்கட்டுப்பாடு 117 மருந்துகளளவில் குறுக்கப்பட்டது. ஏனையவற்றின் விலையை ஆலைகளே முடிவுசெய்யலாயின. முதலாளி உள்நாட்டான் ஆனதனாலேயே அவன் அருளாளன் ஆகிவிடுவதில்லை.

இரண்டு, மாத்திரை அங்கே உருட்டப்படுகின்றது. மாத்திரைக்குள் நோயைத் தீர்க்கும் உயிர்ப்பொருளோ பெரும்பாலும் சீனாவினின்றும் இந்தியாவினின்றும் வருகின்றது. உலை நம்முடையது, அரிசி பிறருடையது என்றால் அதனை முழுத் தற்சார்பு என்னலாமா?

மூன்று, மருந்துக் காப்புரிமையினின்று மிகவறிய நாடுகளுக்கு உலக வாணிக அமைப்பு 2033 வரை விலக்களித்துள்ளது. அந்நிழலில் வளர்ந்த தொழில் இது. வறிய நாடுகளின் பட்டியலினின்று நீங்குங்கால் அந்நிழலும் நீங்கும். வெயிலைத் தாங்கும் ஆற்றலை அதற்குள் பெற்றாகல் வேண்டும்.

இவற்றினின்று நாம் கொள்ளத்தக்க பாடம் யாது? தற்சார்பு என்பது கதவை இழுத்துச் சாத்துவதன்று. எது நமக்கு வேண்டும், எது வேண்டா என்று நாமே பட்டியலிடும் துணிவே அதன் முதற்படி. வேண்டுவதை நாமே ஆக்கும் திறன் இரண்டாம் படி. ஆக்கியதை ஏழையும் வாங்குமாறு விலையைக் காக்கும் சட்டம் மூன்றாம் படி. இவற்றைக் கண்விழித்துக் காக்கும் மக்கள் நான்காம் படி. வங்கநாடு முதற்படியில் உறுதியாய் ஏறிற்று, இரண்டாவதில் பாதி ஏறிற்று, மூன்றாவதில் சறுக்கிற்று. நான்காம் படி இல்லாமையே அச்சறுக்கலுக்குக் கரணியம் என்பேன்.

நம் தமிழ்நாட்டிலும் 1994-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், இன்றியமையா மருந்துகளைப் பட்டியலிட்டு, மொத்தமாய் வாங்கி, அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கிவருகின்றது. பட்டியலின் வலிமையை நாமும் அறிந்தவர்களே. அதனைக் காக்கும் கடன் அரசுக்கு மட்டும் உரியதன்று.

ஆகலின் தோழர்களே! அடுத்த முறை மருத்துவர் முன் அமரும்பொழுது ஒரே ஒரு வினாவைக் கேளுங்கள்: 'ஐயா, இவற்றுள் எது இன்றியமையாதது?' கூலித்தொழிலாளியின் வாயினின்று அவ்வினா அச்சமின்றி எழும் நாளில்தான், ஆட்சியாளரும் அதே வினாவை உலகச் சந்தையின் முன் எழுப்பும் துணிவு பெறுவர். கேட்கத் தெரிந்த மக்களே ஆளத் தெரிந்த மக்கள்!