இருவராய் அமர்ந்து வாசித்தல்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கோயிலிற் கந்தபுராண படனம் நடப்பதை நாம் கேட்டிருக்கின்றோம். ஒருவர் மூலத்தை இராகத்தோடு வாசிப்பார். அருகிலிருப்பவர் பயன் சொல்வார். வாசிப்பவர் பதம் பிரிக்கத் தடுமாறினால் மற்றவர் மெல்ல எடுத்துக் கொடுப்பார். சபையில் எவரும் சிரிப்பதில்லை. இவ்வழக்கத்தைப் பிள்ளைகளின் வாசிப்புக்கும் கொண்டுவரலாகாதா என்பதே இன்று நாம் பேச வந்த விஷயம்.

சென்ற விடுமுறையில் மாலைப் பாடத்துக்கு வந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளையொன்று புத்தகத்தை விரித்து மளமளவென்று வாசித்தது. நாம் மகிழ்ந்து கைதட்டினோம். பக்கம் முடிந்தது, தாளைப் புரட்டாமலே அடுத்த பக்கத்தையும் பிள்ளை "வாசித்துக்" கொண்டு போயிற்று! அத்தனையும் மனப்பாடம். வேறொரு புத்தகத்தைக் கொடுத்தபோது முதல் வரியிலேயே கண் கலங்கிவிட்டது. கைதட்டிய எமக்கு வெட்கமாயிருந்தது.

வீட்டிலே சொல்லிக் கொடுக்கலாமே என்பீர்கள். இன்றைய பெற்றோரிற் பலர் 2007 முதல் 2009 வரை பள்ளி செல்ல வேண்டிய வயதில் ஊர் ஊராய் இடம்பெயர்ந்து, பின்பு செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்கள். பிள்ளைக்கு முன்னால் எழுத்துக் கூட்ட அவர்கள் கூசுகின்றார்கள். அது அவர்கள் குற்றமன்று. 2020இற் பள்ளிகள் மூடப்பட்டபோது முதலாம் வகுப்பிலிருந்த பிள்ளைகளுக்கும் அடிப்படை ஆட்டங்கண்டது.

இங்கிலாந்திலே 1970களில் ரோஜர் மோர்கன் என்பவர் ஒரு முறையை வகுத்தார். பின்னர் கீத் டொப்பிங் அதைப் பரப்பினார். செய்முறை மிக எளிது. பிள்ளை தான் விரும்பிய புத்தகத்தை எடுக்கும். இருவரும் ஒரே குரலாகச் சேர்ந்து வாசிப்பார்கள். தனியே வாசிக்கத் துணிவு வந்ததும் பிள்ளை விரலால் ஒரு தட்டுத் தட்டும்; துணைவர் நிறுத்திவிடுவார். பிழை வந்தால் நாலைந்து விநாடி பொறுத்திருப்பார். பிள்ளை தானே திருத்தாவிடிற் சொல்லைச் சொல்லிக் கொடுப்பார். பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லும். மீண்டும் இரு குரலும் சேரும். "இதுகூடத் தெரியாதா" என்ற பேச்சுக்கு இடமேயில்லை. இருவர் குரலும் சேர்ந்தெழும்போது தடுமாறியவர் யாரென்று வெளியே தெரியாது; ஆதலாற் கூச்சமுள்ள தாயும் பிள்ளையோடு இருக்கலாம்.

அந்த நாலு விநாடிதான் எமக்குக் கடினம். வாய் சும்மா இராது! 'கொ'வுக்கும் 'கோ'வுக்கும் பிள்ளை தயங்கினால் உடனே பாய்ந்து சொல்லிவிடுகின்றோம். 'போகின்றான்' என்று அச்சிட்டிருக்க 'போறான்' என்று வாசித்தால் அதட்டுகின்றோம். பொருள் விளங்கியதனாலன்றோ பிள்ளை அப்படிச் சொன்னது! புத்தகச் சொல்லை ஒருமுறை சொல்லிவிட்டு மேலே செல்வதே முறை.

பிள்ளைக்குப் பிள்ளையே துணையாவதும் எமக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிகளிலே சட்டாம்பிள்ளை சிறுவருக்குப் பாடஞ் சொன்னான். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை 1789 முதல் நடத்திய அன்றூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையை மேற்கொண்டார். எட்டு வயதுச் சிறுவனொருவனிடமே அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். வகுப்புக்குள்ளும் கற்பிப்பவன், கற்பவன் என இணை சேர்த்தார். 1797இல் அவர் இதை நூலாக்க, இங்கிலாந்துப் பள்ளிகளில் அது 'சென்னை முறை' எனப் பெயர் பெற்றது. ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரை மலிவாக நடத்தலாம் என்று அங்கே அதைப் பிடித்துக் கொண்டார்கள். நாம் கேட்பது அந்த மலிவையன்று. ஆசிரியர் வேலையை எவரும் பறிக்க வேண்டாம். துணைக்கு ஒரு குரல் போதும்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளையோடு இருக்கட்டும். ஒரே வகுப்பில் கெட்டிக்காரனையும் பிந்தியவனையும் இணை சேர்த்தால் வீண் பகை வரும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். திங்கள் முதல் மாலை ஐந்தரைக்குக் கோயில் மண்டபத்திற் பாய் விரித்து வைப்போம். பாப்பாமோட்டையில் வாசிக்கத் தெரிந்த இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையின் பெயரை இன்றே செயலாளரிடம் பதிந்துகொள்ளுங்கள். பழைய கதைப் புத்தகங்கள், அம்புலிமாமா எதுவானாலும் பெரியோர் தந்துதவினால் நன்று. பாடப்புத்தகம் மட்டும் வேண்டாம். அது அவர்களுக்கு மனப்பாடம்.